வைக்கோலும் புத்தாண்டும்

நீங்கள் எல்லோரும் பகிர்ந்து தீர்த்த அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "லித்துவேனியர்களின் விசித்திரப் புத்தாண்டு" என்று தலைப்பிட்டு, மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோலைப் பரப்பி, இறைச்சி இல்லாத 12 பதார்த்தங்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தைக் காட்டி, சிரிப்பொலியும் சேர்த்திருக்கிறார்கள். ஐயா, அது புத்தாண்டே அல்ல. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், டிசம்பர் 24ஆம் தேதி நடக்கும் கூச்சோஸ் விருந்து. அந்த ஆண்டு வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவருக்கும் ஓர் இடம் விட்டு, கசகசாப் பாலில் ஊறிய சிறு ரொட்டிகளை உண்ணும் இரவு. சிரிப்பொலி போடத் தோதான இடம்தான்!

ஒரு வாரம் முன்பின்னாகச் சொன்னால் குடிமுழுகிவிடுமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். லித்துவேனியாவில் அந்த ஒரு வாரம் சாதாரணமானதல்ல. சோவியத் ஆட்சியில் டிசம்பர் 25 வேலை நாள். அலங்கார மரம் புத்தாண்டுக்கு உரியதாயிற்று. பரிசு கொண்டுவர, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பதிலாக உறைபனித் தாத்தா வந்தார். என் மனைவி அந்த நாட்டுப் பெண். ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டுத்தான் சிறு வயதில் கூச்சோஸ் உண்டோம் என்று என் மாமியார் சொல்வார். அப்படி ஒளித்துக் காப்பாற்றிய இரவை, ஆட்சியாளர்கள் தூக்கிப் பிடித்த பண்டிகையோடு சேர்த்துக் குழப்பினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

புத்தாண்டு இரவில் என்னதான் செய்கிறார்கள்? மாமியார் மதியமே வெள்ளைச் சாலட்டுக்கு உட்கார்ந்துவிடுவார். வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, ஊறுகாய் வெள்ளரி எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கி மயோனைஸில் புரட்ட வேண்டும். என் துண்டுகள் பெரிதாக இருந்தால் திருப்பி அனுப்பப்படும். கூடவே ஹெர்ரிங் மீன், ஷாம்பெயின், தொலைக்காட்சியில் குடியரசுத் தலைவரின் வாழ்த்துரை, நள்ளிரவில் வாணவேடிக்கை. ரஷ்ய மொழி பேசும் சில வீடுகளில் மாஸ்கோவில் நள்ளிரவாகும் நேரத்தில், அதாவது உள்ளூர் நேரம் இரவு 11 மணிக்கே ஒருமுறை கோப்பையை உயர்த்துவார்கள். இதில் எது விசித்திரம்?

புத்தாண்டுக்கு முந்தைய இரவைச் 'சிறிய கூச்சோஸ்' என்று சொல்லிக் குறி பார்க்கும் பழைய வழக்கம் உண்டே என்று விவரம் தெரிந்த ஒருவர் மடக்கப் பார்த்தார். உண்டு. காணொளியில் இருந்தது அதுவா? இல்லை. அவ்வளவுதான் என் பதில்.

பண்போடு ஒரு திருத்தம் எழுதினேன். "ஜாலியாக எடுத்துக்கொள்ளுங்கள் ப்ரோ" என்று பதில் வந்தது. அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறிகள். என் வீட்டுப் பெரியவர்கள் இறந்தவர்களை நினைத்து உட்காரும் மேசை எனக்கு எப்படி ஜாலியாகும்?

உண்மையிலேயே புத்தாண்டைப் படம்பிடிக்க வேண்டுமென்றால் ஜனவரி 1 அன்று தலைநகர் வில்னியஸில் கெடிமினாஸ் கோபுரத்துக்குப் போயிருக்கலாம். 1919இல் அதே நாளில் தன்னார்வலர்கள் சிலர் அங்கே லித்துவேனியாவின் மூவண்ணக் கொடியை ஏற்றினார்கள். சில நாட்களிலேயே செம்படை நகரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கொடியேற்றத்தின் நினைவாகத்தான் இன்றும் ஜனவரி 1 அங்கே கொடி நாள். பழைய கொடியை இறக்கிப் புதியதை ஏற்றுகிறார்கள். அங்கே வைக்கோல் கிடைக்காது என்பதால் போகவில்லை போலும்.

பின்னூட்டத்தில் அந்தக் காணொளியின் இணைப்பை மறுபடி போடாதீர்கள். பார்த்தாயிற்று, வேண்டிய மட்டும்.