பாரி ஹாலின் 746 கோல்களும் சிட்னிக்காக அடித்தவை அல்ல

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரர் பாரி ஹால் தன் 746 கோல்களையும் சிட்னி ஸ்வான்ஸ் கிளப்புக்காகவே அடித்தார், அதனால் அந்த கிளப்பின் அதிக கோல் சாதனை அவருடையது என்று ஒரு தகவல் இங்கே பகிரப்படுகிறது. 746 என்ற மொத்தம் சரிதான். ஆனால் அது மூன்று கிளப்புகளுக்குப் பிரிந்த கணக்கு.

1996 முதல் 2001 வரை செயின்ட் கில்டாவில் 144, அடுத்து 2009 வரை சிட்னியில் 467, கடைசி இரண்டு ஆண்டுகள் வெஸ்டர்ன் புல்டாக்ஸில் 135. 2005 லீக் இறுதிப் போட்டியில் சிட்னி வெஸ்ட் கோஸ்ட் அணியை 4 புள்ளியில் வென்றபோது ஹால் கோப்பையைத் தூக்கிய காட்சிதான் பலர் நினைவில் நிற்கிறது. சிட்னி பெயரோடு மொத்தத்தையும் சேர்த்துவிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். சிட்னி கிளப்பின் அதிக கோல் சாதனையோ பாப் பிராட்டின் 681 கோல்கள். அந்த கிளப் தெற்கு மெல்போர்ன் என்ற பெயரில் இருந்த 1930களில் ஆடியவர் அவர்.

சரிபார்க்க விரும்புவோர் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய கால்பந்து லீக்) புள்ளிவிவரங்களைத் தரும் ஏஎஃப்எல் டேபிள்ஸ் தளத்தில் ஹாலின் பக்கத்தைத் திறந்து, மொத்த வரியோடு நிற்காமல் ஆண்டுவாரிப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே கிளப் பெயர் இருக்கும். புல்டாக்ஸுக்கு 2010-ல் 80, 2011-ல் 55 என்று தெளிவாகத் தெரியும். முப்பத்து மூன்று வயதில் புது அணிக்குப் போய் ஒரே சீசனில் 80 கோல் அடித்தது பெரிய விஷயம். அந்தப் பெருமை புல்டாக்ஸ் கணக்கிலேயே இருக்கட்டும். பதிவிட்ட நண்பர் முடிந்தால் எண்ணைத் திருத்திவிடுங்கள்.