அந்தப் பிள்ளையை அழவைத்தது படம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த மூன்று நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பிள்ளைகளுக்கு நான் போட்ட 'அனஸ்தாசியா' கார்ட்டூன் படத்தை, வயதில் மூத்த ஒருவர் பாதியில் நிறுத்த வைத்தார், அவ்வளவுதான். நான்கு நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். நேற்று அவரே ஒரு பதிவு போட்டு, வரலாறு தெரியாதவர்கள் குழந்தைகளுக்குப் படம் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களே வந்து கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இனியும் பேசாமல் இருந்தால் அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எனக்கு வரலாறு தெரியும் சார். தெரிந்தும்தான் 'அனஸ்தாசியா' எனக்குப் பிடித்திருக்கிறது. ரஷ்யப் பேரரசர் ஜாரின் கடைசிப் பெண் தப்பிப் பிழைத்து, பழசெல்லாம் மறந்துபோய், அன்யா என்ற பெயரில் வளர்ந்து, பாரிஸில் இருக்கும் பாட்டியிடம் போய்ச் சேர்வதாகச் சொல்கிற படம் அது.

1918 ஜூலை 16ஆம் தேதி இரவு, விடிந்தால் 17, யெகாதெரின்பர்க் நகரத்தில் இபாத்தியேவ் வீட்டின் கீழ்த்தள அறையில் ஜார் இரண்டாம் நிக்கலாஸையும் அவர் மனைவியையும் நான்கு பெண்களையும் ஒரு பையனையும், கூடவே இருந்த மருத்துவரையும் வேலைக்காரர்கள் மூன்று பேரையும் சேர்த்து 11 பேரைக் கொன்றார்கள். கடைசிப் பெண் அனஸ்தாசியாவுக்கு அப்போது 17 வயது. படத்தில் சாபம் விடுகிற மந்திரவாதியாக வரும் ரஸ்புடின் 1916 டிசம்பரிலேயே செத்துப்போனவர், அவருடைய சாபத்தால் புரட்சி வரவில்லை. ஜார்களின் ரோமனோவ் வம்சத்தின் 300ஆம் ஆண்டு விழா 1913இல் நடந்தது, படம் அதை 1916 என்கிறது. படத்தின் தொடக்கத்தில் எட்டு வயதுக் குழந்தையாக வருகிறவள் உண்மையில் அந்த வருடம் 15 வயதுப் பெண். பாட்டி மரியா ஃபியோதரோவ்னா கடைசிக் காலத்தைக் கழித்தது பாரிஸில் இல்லை, டென்மார்க்கில். இதையெல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டிய நிலைமையில் நான் இல்லை. இத்தனையும் தெரிந்துகொண்டே ஒரு படத்தை நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியும். அதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், சலித்தால் மன்னியுங்கள்.

அவர் எழுந்தது எந்த இடத்தில் என்று கவனித்தீர்களா? பாரிஸில் பாலே நடக்கிற அரங்கில், பாட்டியைப் பார்க்க அன்யா வந்து காத்திருக்கிறாள். அதற்கு முன்பே எத்தனையோ பெண்கள் 'நான்தான் உங்கள் பேத்தி' என்று வந்து ஏமாற்றியதில் மனம் வெறுத்துப்போன பாட்டி, இனி யாரையும் பார்ப்பதாக இல்லை என்று இருக்கிறாள். அந்த இடத்தில்தான் புரொஜெக்டரை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டு, பிள்ளைகள் முன்னால் நின்று, அந்தப் பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள், உடைக்குள் நகைகளை வைத்துத் தைத்திருந்ததால் குண்டுகள் தெறித்துப் போயின, அதனால் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அழுத பிள்ளை ஐந்தாம் வகுப்பு. வீடியோவில் அவள் அழுகிற சத்தம் கேட்கும், முகம் தெரியாது. முகத்தைப் பார்த்தவள் நான். "அந்த அக்காவ நெசமாவே குத்துனாங்களா ஆன்ட்டி?" என்று என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

உண்மையைச் சொல்வது தப்பா என்று கேட்கிறார்கள். தப்பில்லை. படம் முடிந்ததும் நானே சொல்வதாகத்தான் இருந்தேன், பிள்ளைகளின் வயதுக்குத் தக்கபடி. போன மாதம் போட்ட படத்துக்கும் அப்படித்தான் செய்தேன், அன்றைக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. வெள்ளை வௌவால் ஒன்று பேசிக்கொண்டு திரிகிற படத்தை எந்தப் பிள்ளையும் வரலாற்றுப் பாடம் என்று எடுத்துக்கொள்ளாது.

அப்புறம், பொய் பொய் என்று சொல்கிறவர்கள் அந்தப் படம் வந்த வருடத்தையும் பார்க்க வேண்டும். 1997. அந்தக் குடும்பத்தின் எலும்புகளை 1991இல் தோண்டி எடுத்தபோது ஏழு பேரில் ஐந்து பேருடையதுதான் கிடைத்தது. பையனும் ஒரு பெண்ணும் இல்லை. அந்தப் பெண் அனஸ்தாசியாவின் அக்கா மரியா என்று ரஷ்ய விஞ்ஞானிகள் சொன்னார்கள், அனஸ்தாசியா என்று அமெரிக்கர்கள் சொன்னார்கள். மீதி இரண்டு பேரின் எலும்புகள் கிடைத்தது 2007இல், மரபணுச் சோதனையில் உறுதியானது 2008இல். அதற்கு முன்னால் ஒரு ஆயுள் காலம் முழுக்க உலகம் அவளைத் தேடியது. 1920இல் பெர்லினில் கால்வாயில் குதித்துக் காப்பாற்றப்பட்ட ஒரு பெண், அன்னா ஆண்டர்சன், தானே அனஸ்தாசியா என்று சொல்லி 1984இல் சாகும்வரை சொன்னதை மாற்றவில்லை. அவள் ஜார் குடும்பத்து ரத்தமே இல்லை என்று 1994இல் சோதனை சொல்லிவிட்டது. ஆனால் அவளை நம்பியவர்கள் எல்லாரும் முட்டாள்களா? ஒரு குழந்தையாவது தப்பித்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்வதை, வரலாறு தெரியாத தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பெயருக்கே கிரேக்கத்தில் உயிர்த்தெழுதல் என்றுதான் அர்த்தம்.

ஜாரின் ஆட்சியைத் தூக்கிப்பிடிக்கிற படம் என்று ஒரு தம்பி கோபமாக எழுதியிருந்தான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 1905இல் மனு கொடுக்க வந்த ஜனங்களை அரண்மனை வாசலில் சுட்ட ஆட்சி அது. பசியாலும் போராலும் வந்த புரட்சியை ஒரு மந்திரவாதியின் சாபம் என்று சொன்னது படத்தின் பெரிய குறை. எனக்கும் அது உறுத்தும். ஆனால் இந்தப் படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான டான் ப்ளூத் 1986இல் எடுத்த 'ஆன் அமெரிக்கன் டெயில்' எதைப் பற்றியது? அதே ஜார் ஆட்சியில் கொசாக் குதிரைப்படையினர் வந்து யூதர்களின் வீடுகளைக் கொளுத்த, ஊரை விட்டுக் கப்பலேறுகிற ஒரு எலிக் குடும்பத்தைப் பற்றியது. அந்த மனிதரை ஜாரின் ஆள் என்று சொல்லிவிட முடியுமா? தவிர, முடிவில் அன்யா என்ன செய்கிறாள்? கிரீடத்தைக் கழற்றிப் பாட்டிக்கு விட்டுவிட்டு, அரண்மனைச் சமையலறையில் வேலை பார்த்த பையனோடு போய்விடுகிறாள். அவள் தேடி வந்தது சிம்மாசனத்தை இல்லை. தன்னை யாராவது தேடினார்களா என்பதைத் தெரிந்துகொள்ள வந்தாள். அதைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தேன். அதற்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

(டிஸ்னி இளவரசி என்று எழுதுகிறவர்களுக்கு: இது ஃபாக்ஸ் எடுத்த படம். டான் ப்ளூத் 1979இலேயே டிஸ்னியை விட்டு வெளியே வந்தவர். ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது 2019இல்.)

சரி, எல்லாவற்றையும் விட என்னைக் குத்தின பேச்சுக்கு வருகிறேன். 'இவ்வளவு வயசாகியும் பொம்மைப் படம் பார்த்து உருகுகிறவர்கள்.' அவர் என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஆச்சியால் முடிந்தவரை பார்த்துக்கொண்டாள், அப்புறம் என்னை விடுதியில் சேர்த்தார்கள். ஆச்சிக்கு மூட்டுவலி, ராத்திரி படுக்கும் முன் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொள்வாள். கை, கால், தலையணை, போர்வை எல்லாம் அந்த வாசனைதான். விடுதிக்குப் போகிற அன்று அவளுடைய பழைய நூல்சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, முனையில் தைலத்தை ஊற்றி என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பேன். இருபது இருபத்தைந்து நாளில் வாசனை போய்விடும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது மறுபடி ஊற்றிக்கொண்டு வருவேன். ஒருநாள் வார்டன் கண்ணில் பட்டுவிட்டது. இவ்வளவு பெரிய பிள்ளை நாற்றம்பிடித்த துணியை வைத்துக்கொண்டு படுக்கிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டு, துவைக்கிற துணியோடு போட்டுவிட்டார். திரும்பி வந்தபோது அது சோப்பு வாசனை அடித்தது. எனக்குப் பதினொரு வயது நடக்கும்போது ஆச்சியும் போய்விட்டாள்.

பதின்மூன்று வயதில் கோடை லீவில் சித்தி வீட்டில், விசிடியில் இந்தப் படத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. அரங்கில் பார்க்க மறுத்த பெண்ணைத் தேடிப் பாட்டியே பிறகு அவள் அறைக்கு வருகிறாள். நம்பிக்கை இல்லாமல்தான் வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் அன்யாவுக்கு ஏதோ வாசனை வருகிறது. பெப்பர்மின்டா என்று கேட்கிறாள். கைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்கிறாள் பாட்டி. அப்போது அன்யாவுக்கு நினைவு வருகிறது: சின்ன வயதில் அந்த எண்ணெய்ப் புட்டியைக் கம்பளத்தில் கொட்டிவிட்டாள், கம்பளம் முழுக்க அந்த வாசனை ஏறிவிட்டது, பாட்டி பாரிஸுக்குப் போன பிறகு அந்தக் கம்பளத்திலேயே படுத்துக் கிடந்து பாட்டியை நினைத்துக்கொண்டிருப்பாள்.

நான் சித்தி வீட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். எங்கேயோ அமெரிக்காவில் அரிசோனாவில் உட்கார்ந்து படம் வரைந்தவர்களுக்கு என் சேலைத் துண்டு எப்படித் தெரிந்தது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை.

இதைக் குழந்தைத்தனம் என்று சொல்வீர்களா? சொல்லுங்கள். வார்டனும் அதைத்தான் சொன்னார்.

பாட்டைப் பற்றி ஒருவர் 'சுமார்' என்று எழுதியிருந்தார், அவரோடு எனக்குப் பேச்சில்லை. பாழடைந்த அரண்மனைக்குள் அன்யா தனியாக வந்து 'ஒன்ஸ் அபான் எ டிசம்பர்' பாடும்போது, சுவரிலிருந்த ஓவியங்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து அந்தக் கூடம் முழுக்க ஆடுகிறார்கள், செத்துப்போன அப்பா வந்து நெற்றியில் முத்தம் கொடுக்கிறார், வெளியே ஒரு குரல் கேட்டதும் அத்தனையும் மறைந்து தூசியும் இருட்டும்தான் மிஞ்சுகிறது. ஸ்டீஃபன் ஃப்ளாஹர்டி இசை, லின் ஆரன்ஸ் வரிகள். நம் படங்களில் பின்னணி பாடுகிற மாதிரி, அன்யாவுக்குப் பேசுவது மெக் ரையன், பாடுவது லிஸ் கல்லவே. பின்னணி இசை டேவிட் நியூமன். இதே கதையை 1956இல் இன்கிரிட் பெர்க்மனை வைத்து எடுத்தபோது அதற்கு இசையமைத்தவர் அவருடைய அப்பா ஆல்ஃபிரட் நியூமன். அப்பா தொட்ட கதையை நாற்பது வருடம் கழித்து மகன் தொட்டிருக்கிறார்.

வரலாறு வரலாறு என்றீர்களே சார், அதையே கொஞ்சம் சொல்கிறேன். நிஜமான அந்தப் பாட்டி 1919இல் கிரைமியாவிலிருந்து பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி ரஷ்யாவை விட்டு வந்தாள். தன் மகனும் பேரப்பிள்ளைகளும் செத்துப்போனார்கள் என்பதை வெளியில் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாமல் 1928இல் கண்ணை மூடினாள். டென்மார்க்கிலேயே புதைத்தார்கள். ஜாரையும் குடும்பத்தையும் 1998 ஜூலை 17 அன்று, சரியாக 80 வருடம் கழித்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பீட்டர் பால் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். ரஷ்யர்களின் கணக்குப்படி அனஸ்தாசியாவும் அதில் இருக்கிறாள். 2006இல் அந்தப் பாட்டியின் சவப்பெட்டியையும் டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்து அதே பேராலயத்தில் வைத்தார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர 88 வருடம் ஆகியிருக்கிறது. படம் வந்தபோது பேராலயத்தில் நடந்த இந்த அடக்கம் எதுவுமே நடந்திருக்கவில்லை. இந்த வரலாறும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? கத்தி மட்டும் ஏன் ஞாபகம் வந்தது?

உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் எனக்கு மரியாதை உண்டு. என் மூன்று வருட உழைப்பை ஒரே பதிவில் 'பொழுதுபோக்கு' என்று எழுதினதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தப் பிள்ளை இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்று அவள் அம்மா சொன்னதைத் தாங்க முடியவில்லை.

நேற்று அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அந்தப் பாட்டி கடைசில நம்புனாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பார்த்துத் தெரிந்துகொள் என்று சொல்லி அனுப்பினேன்.

வருகிற ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, நிறுத்தின இடத்திலிருந்து படம் ஓடும். உட்காரப் பாயை உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், போனதடவை பத்தவில்லை. சாரும் தாராளமாக வரலாம். பேச வேண்டியதைப் படம் முடிந்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பேசிக்கொள்ளலாம், நான் இருப்பேன்.