பச்சை எம்டிஎஃப் தண்ணியில ஊதும்

"பச்சை எம்டிஎஃப் தண்ணி பட்டாலும் ஊதாது, குசினி முழுக்க அதையே போடுங்கோ" எண்டு சிலர் சொல்லுறது பிழை. எம்டிஎஃப் எண்டது மரநாரைப் பிசினோட சேர்த்து அழுத்திச் செய்யிற பலகை. அதில பச்சை வெறும் சாயம். உள்ள இருக்கிற பிசின்தான் ஈரத்தை ஓரளவு தாங்கும், தண்ணி தேங்கினால் தாங்காது. ஊதத் தொடங்கிறது முகப்பில இல்லை, குசினி அலுமாரிக் கதவின்ர அடி விளிம்பிலயும் பிணைச்சலுக்குக் குடையிற 35 மி.மீ. குழியிலயும். அடி விளிம்பு கண்ணுக்குத் தெரியாதெண்டு விளிம்பை மூடுற பட்டி (எட்ஜ் பாண்ட்) ஒட்டாமல் விடுவினம். ஓடாவியிட்ட நாலு பக்கமும் ஒட்டச் சொல்லுங்கோ, குழிக்குள்ள வார்னிஷ் பூசிக் காயவிட்டுப் பிணைச்சலை முடுக்கோணும். காசு மட்டெண்டால் சிங்குக்குக் கீழ வாற இரண்டு கதவை மட்டும் அலுமினியத்தில செய்து, மிச்சத்துக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் போடலாம். பருத்தித்துறைப் பக்கம் உப்புக்காத்து. அங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிணைச்சல்தான் நல்லது.