காவல் நிலையம் யார் வீட்டுத் திண்ணை?

ஒவ்வொரு ஆணவக் கொலைக்குப் பிறகும் "பெத்த மனசு தாங்குமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் செய்துவிட்டார்களாம். சரி, புதுக்கூரைப்பேட்டையில் நடந்ததை இவர்கள் என்னவென்று சொல்வார்கள்?

விருத்தாசலம் பக்கத்து ஊர் அது. முருகேசன் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண், அப்பா ஊராட்சித் தலைவர். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வெளியே சொல்லாமல் இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் முதலில் முருகேசனைப் பிடித்தார்கள். பிறகு கண்ணகி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு அவரையும் கூட்டிவந்தார்கள். ஜூலை 8ஆம் தேதி, ஊர்க்காரர்கள் பார்க்க, இருவருடைய மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள்.

இதில் ஆத்திரம் எங்கே இருக்கிறது? ஆள் அனுப்பித் தேடி, காத்திருந்து, விஷம் வாங்கிவைத்துச் செய்த வேலை. ஒளிந்துகூடச் செய்யவில்லை. "நம்மை யார் கேட்கப்போகிறார்கள்" என்ற தெம்பு அது. அந்தத் தெம்பு வீண் போகவும் இல்லை என்பதுதான் கொடுமை.

முருகேசன் வீட்டார் புகாரோடு போனபோது காவல் நிலையம் வாங்கவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் வழக்கே பதிவானது. அதிலும் கதையை மாற்றி எழுதினார்கள். பெண்ணை அவள் வீட்டார் கொன்றார்கள், பையனை அவன் வீட்டார் கொன்றார்கள் என்று! பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனே குற்றவாளிப் பட்டியலில். பணம், பதவி, சாதி எல்லாம் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்த முதல் தகவல் அறிக்கையைத்தான் காட்ட வேண்டும்.

2004இல் வழக்கு சிபிஐக்குப் போனது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் நின்றார்கள். சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கடலூர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பு சொன்னபோது பதினெட்டு வருடம் ஓடியிருந்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, அப்பா உட்பட 12 பேருக்கு ஆயுள். 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இரண்டு பேரை விடுவித்தது. தூக்கு போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

நாம் அதிகம் பேசாத விஷயம் வேறு. தண்டனை பெற்றவர்களில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். பொய் ஆவணம் உண்டாக்கியதற்காக. அவர்கள் குற்றவாளிகள்தான் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்து, முருகேசன் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் இழப்பீடு கொடுக்கவும் சொன்னது. என்னைக் கேட்டால் அந்த வழக்கிலேயே பெரிய விஷயம் இதுதான். சாதித் திமிர் பிடித்த அப்பனை எந்தத் தண்டனையும் திருத்தப்போவதில்லை. ஆனால் "ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற தெம்பை உடைக்க முடியும், எழுதிக்கொடுக்கிற கை பயந்தால்.

தலித், பழங்குடி மக்களைக் காக்க இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கென்றே நான்காவது பிரிவு இருக்கிறது. புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. ஆனால் முதலில் துறை விசாரணை நடந்து பரிந்துரை வர வேண்டுமாம். யாரை யார் விசாரிப்பது, சொல்லுங்கள்?

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முதலில் கைதானது அவர் பழகிய பெண்ணின் தம்பி. அந்தப் பெண்ணின் அப்பா, அம்மா இருவருமே சார்பு ஆய்வாளர்கள். வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் கவினின் குடும்பம் பல நாட்கள் உடலை வாங்க மறுத்து உட்கார வேண்டியிருந்ததே, அது எதற்காக?

அதே வருடம் அக்டோபரில், ஆணவக் கொலைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் பரிந்துரைக்க, நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறேன். அறிக்கை கைக்கு வந்தால், தண்டனை எத்தனை வருடம் என்று தேடமாட்டேன். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புகிற அதிகாரியை என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் புரட்டுவேன்.