ஒரு கொக்கியில் கூடவா ஏமாற்றுவீர்கள்?

உடைந்தேவிட்டது. '316 ஸ்டெயின்லெஸ், மரைன் கிரேடு', அதாவது கடல் நீரைத் தாங்குகிற ஸ்டீல் என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்ற கொக்கி, கடலுக்கடியில் படமெடுக்கப் போன ஒன்பதே டைவில் கழுத்து முறிந்து இரண்டு துண்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இன்று புதன், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கேமரா செட்டைத் தூக்குகிற லேன்யார்டை, அதாவது இரண்டு முனையிலும் கொக்கி வைத்த கைப்பிடிக் கயிற்றை, நானேதான் பின்னினேன். ரெடிமேடாக விற்பது ஒன்று குட்டையாக இருக்கும், இல்லை முழங்காலில் இடிக்கும், ஹவுசிங்கும் (கேமராவின் நீர்புகாக் கூடு) இரண்டு ஸ்ட்ரோபும் (ஃபிளாஷ் விளக்கு) சேர்ந்த செட்டைத் தூக்கி அலைகிறவர்களுக்கு இந்த அவதி நன்றாகத் தெரியும். ஒரு அங்குலப் பின்னலுக்கு ஒரு அடி கயிறு போகும், எனக்கு 20 அங்குலம் வேண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நைலான் என்பதால் முதலில் வெந்நீரில் ஊறப்போட்டுக் காயவைத்தேன், இல்லாவிட்டால் பின்னிய பிறகு நனைந்து சுருங்கித் தொலையும். மூன்று ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சையும் ஒரே இறுக்கத்தில் இழுத்து, நுனியை லைட்டரில் உருக்கி ஒட்டினேன். நாலு மில்லிமீட்டர் பாராகார்டு, பாராசூட்டுக் கயிறு, 250 கிலோ தாங்கும். கயிற்றில் ஒரு பிசிறு கூட வரவில்லை, இன்றைக்கும் புதுசு போல இருக்கிறது.

அழுத்தினாலே திறக்கிற காரபினர் வளையம் போட்டிருக்கலாமே என்று யாரும் சொல்லாதீர்கள். அது தண்ணீருக்குள் அறுந்து கிடக்கிற வலையிலோ கயிற்றிலோ உரசினால் தானாகவே போய் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் இழுத்தால் மட்டும் திறக்கிற போல்ட் ஸ்னாப்தான் வேண்டும் என்று தேடி, விலை அதிகமானாலும் பரவாயில்லை என்றுதான் இதை வாங்கினேன்.

புதுச்சேரியில் 18 மீட்டர் ஆழத்தில் 45 நிமிடம். கீழே செட்டின் எடையே தெரியாது, கொக்கிக்கு வேலையும் கிடையாது. படகேறும்போதுதான் பாரம் முழுக்க அதன் தலையில் இறங்கும். ஏணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் லேன்யார்டை மேலே நீட்டினேன். படகுக்கார அண்ணன் எப்போதும் போல நடுவில் பிடித்துத் தூக்கினார். செட் தண்ணீரை விட்டு வெளியே வந்த அந்த நொடி, 'டக்' என்று ஒரு சத்தம். "ஐயோ தம்பி, பிடிங்க பிடிங்க!" என்று அவர் கத்துகிறார், நான் எதைப் பிடிப்பேன், ஒரு கை ஏணியில், வாயில் மூச்சு விடுகிற ரெகுலேட்டர், அலை வேறு தூக்கித் தூக்கிப் போடுகிறது. இடது கொக்கி போய்விட்டது. மொத்தச் செட்டும் வலது கொக்கியில் தொங்கி, ஒரு ஆட்டம் ஆடி, படகின் விளிம்பில் போய் மோதியது. மோதியது டோம், லென்ஸுக்கு முன்னால் இருக்கிற குமிழ் போன்ற மூடி. மொத்தச் செட்டே நாலரைக் கிலோ! 250 கிலோ தாங்குகிற கயிற்றின் நுனியில் நாலரைக் கிலோவைத் தாங்காத கொக்கி!

அக்ரிலிக் டோமில் மெல்லிய கீறல் விழுந்தால் தண்ணீருக்குள் படத்தில் தெரியாது, நீர் நிரம்பி மறைந்துவிடும். இது அப்படி மறைகிற கீறல் இல்லை. நகத்தை வைத்தால் நகம் இறங்குகிறது.

வீட்டுக்கு வந்து முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே பளபளவென்று முலாம், உள்ளே சாம்பல் நிறத்தில், உடைத்த கற்கண்டு போலப் பொரபொரவென்று இருந்தது. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன், பொடியாக உதிர்கிறது. ஸ்டெயின்லெஸ் இப்படியா இருக்கும்? அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை! நாய்ச் சங்கிலிக்குப் போடுகிற கொக்கி! வாங்கியதும் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, சரி, நல்ல ஸ்டீல்தான் என்று நம்பினேன். துத்தநாகத்திலும்தான் காந்தம் ஒட்டாது. இது விற்கிறவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் 316 என்று போடுகிறான்.

போன் போட்டால், "யூஸ் பண்ணிட்டா ரிட்டர்ன் கிடையாது சார், நல்ல தண்ணியில கழுவினீங்களா?" என்று என்னையே கேட்கிறான். ஒவ்வொரு டைவுக்கும் பிறகு கழுவினேன் ஐயா, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவினேன்! கழுவினால் துத்தநாகம் ஸ்டீல் ஆகிவிடுமா? டோமுக்கு யார் பதில் சொல்வது? அந்த ஏணிக்குக் கீழே இன்னொருவர் இருந்து அவர் தலையில் விழுந்திருந்தால்?

நேற்று காசிமேட்டில் வலைச் சாமான் கடையில் பித்தளைக் கொக்கி வாங்கினேன். கடைக்காரப் பெரியவர் கேட்காமலே அடியில் அரத்தால் கீறி, உள்ளேயும் மஞ்சளாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார். மரைன் கிரேடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது பழைய கொக்கியைக் கழற்ற வேண்டும். நுனியை உருக்கி ஒட்டியதால் முடிச்சு அவிழாது, வெட்டித்தான் ஆக வேண்டும். மூன்று ராத்திரி வேலை, 20 அடிக் கயிறு, எல்லாம் குப்பைக்கு. புதுக் கயிற்றை ஊறப்போட்டுவிட்டு லைட்டரை எடுத்தால் அதில் பொறியே வரவில்லை. இதுவும் போன வாரம் வாங்கியதுதான்.