லாஃபர்ட்டி கொலைகள் மார்மன் சபையின் உத்தரவா?

'1984-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லாஃபர்ட்டி சகோதரர்கள் தம்பி மனைவியையும் 15 மாதக் குழந்தையையும் கொன்றது அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவ வழி மதப்பிரிவான மார்மன் சபையின் உத்தரவுப்படிதான்' என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. ரான், டான் என்ற அந்தச் சகோதரர்கள் இருவரையும் சபை அதற்கு முன்பே நீக்கிவிட்டது. 'கடவுளின் கட்டளை' என்று ரான் கைப்பட எழுதிய தாளில், கொல்ல வேண்டியவர்களாக நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், ரானை நீக்கிய உள்ளூர்ச் சபைத் தலைவரேதான்! உத்தரவு போட்ட சபை தன் ஆளையே பட்டியலில் சேர்க்குமா? ரான் சேர்ந்திருந்த சிறு தீவிரக் குழுகூட அந்தக் கட்டளையை ஏற்கவில்லை.

சரி, சபையின் பழைய வரலாற்றுக்கு இதில் தொடர்பே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்தச் சகோதரர்கள் பிடித்துத் தொங்கிய பலதார மணம், 1890 வரை சபையே வெளிப்படையாக ஆதரித்த வழக்கம். டானுக்கு ஆயுள் தண்டனை. ரான் மரண தண்டனைக் கைதியாகவே 2019-இல் இறந்தார்.