இணையம் இல்லாத கணினிக்கும் வைரஸ் வரும்

தம்பி, இணைய இணைப்பு இல்லாத கணினிக்கு வைரஸ் வராது, அதனால் பாதுகாப்பு மென்பொருளே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1986இல் வந்த பிரெய்ன் வைரஸ் பிளொப்பி வட்டு வழியாகத்தான் பரவியது. வன்னியில் இன்று அந்த வேலையைப் பென் டிரைவ் செய்கிறது. கிளிநொச்சியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பாடக்குறிப்பு அச்சிட்டு வந்து வீட்டில் செருகினேன். கோப்புறைகள் எல்லாம் சோர்ட்கட்டாக, அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழிக் குறிகளாக, மாறியிருந்தன. உண்மையான கோப்புறைகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன. சோர்ட்கட்டைச் சொடுக்கியிருந்தால் வைரஸ் கணினிக்குள் புகுந்திருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் கூடவே வருகிறது, காசு இல்லை. தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள். இணைப்பு இல்லையென்றால், மைக்ரோசொஃப்ட் தளத்தில் அதன் புதுப்பிப்புக் கோப்பை வேறொரு கணினியில் இறக்கிக் கொண்டுவந்து நிறுவலாம். அப்புறம், கடைக்குப் போய்வந்த பென் டிரைவைத் திறக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள்.